தமிழ்99 கீபோர்டு: தமிழில் நிறைய எழுதுபவர்களுக்காக ஒரு விமர்சனம்

இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு யாரும் உட்கார்ந்து விமர்சனம் எழுதுவதில்லை. தமிழ்99 இலவசம்தான், விண்டோஸ் 11, மேக், ஐபோன் எல்லாவற்றிலும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அமைப்புகளுக்குள் போய் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி; லினக்ஸில் ஒரு தொகுப்பைப் போட்டால் போதும். ஆனால் மொழிபெயர்ப்பு வேலையில் நாள் முழுக்கத் தமிழ் டைப் செய்துகொண்டிருக்கும் எனக்கு, நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் அடுத்தபடியாக உடம்பு அதிகம் உணர்கிற பொருள் இந்த விசைப்பலகை அமைப்புதான். நாற்காலியைப் பற்றி நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். இதைப் பற்றி, இது மனிதக் கையோடும் மூளையோடும் எப்படிப் பொருந்துகிறது என்ற கோணத்தில், யாராவது விரிவாக எழுதியிருக்கிறார்களா என்று தேடி அலுத்துவிட்டது, அதனால் நானே எழுதுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கம்ப்யூட்டரில் இதைவிட நல்ல தமிழ் உள்ளீட்டு முறை இல்லை. போனில் பாதி நல்லது, பாதி கஷ்டம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 என்ற மாநாடு நடந்தது. அதுவரை ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு கீபோர்டு என்று இருந்த நிலையை மாற்றத்தான் அந்த மாநாடு. அதிலிருந்து வந்த தரம் இது, பெயரும் அதிலிருந்து வந்ததுதான். தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் இதைத் தரமாக ஏற்றுக்கொண்டது.

சரி, அமைப்புக்கு வருவோம். உயிரெழுத்துகள் எல்லாம் இடது கைக்கு, மெய்கள் எல்லாம் வலது கைக்கு. இரண்டு எழுத்து மட்டும் எல்லை தாண்டியிருக்கின்றன, வ-வும் ங-வும், அவை இடது ஆள்காட்டி விரலுக்குக் கீழே வரும். இதைப் பார்த்ததும் 'அழகாகப் பிரித்திருக்கிறார்கள்' என்று மட்டும் தோன்றும், ஆனால் விஷயம் அழகு இல்லை. தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வரும், அதனால் கைகளும் மாறி மாறி வேலை செய்யும். வலது கை 'த' அழுத்தும்போதே இடது கை 'ஆ'வுக்குத் தயாராகிவிடும். ஒரே கையின் விரல்கள் அடுத்தடுத்து ஓடுவதைவிடக் கைகள் மாறி மாறி அழுத்துவது வேகம் என்பது டைப்பிங் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். ஆங்கிலத்துக்காக ஆகஸ்ட் டிவோராக் என்பவர் 1936இல் காப்புரிமை வாங்கிய அமைப்பும் இதே எண்ணத்தில் உயிர்களை இடது பக்கம் கொண்டுபோய் வைத்தது. ஆங்கிலத்தில் மெய்கள் கூட்டமாக வரும் இடம் ஏராளம். தமிழுக்கு இந்த எண்ணம் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

இப்போது நடு வரிசையைப் பாருங்கள். விரல்கள் ஓய்வாக இருக்கும் இடம் அது. இடது பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலது பக்கம் க, ப, ம, த, ந, ய. ஏதாவது ஒரு தமிழ்ப் பத்தியை எடுத்து எண்ணிப் பாருங்கள், அடிக்கடி வருவது எது என்று. புள்ளி எத்தனை முறை வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். அந்தப் புள்ளியை எஃப் விசையில் வைத்திருக்கிறார்கள், இடது ஆள்காட்டி விரல் எப்போதும் இருக்கும் இடத்தில், தடவிப் பார்த்தாலே தெரியும் சின்ன மேடு இருக்கும் அந்த விசையில். அதே விசையை ஷிஃப்டோடு அழுத்தினால் ஆய்தம். குறிலுக்கு நேர் மேலே நெடில்: அ-வுக்கு மேல் ஆ, இ-க்கு மேல் ஈ, உ-வுக்கு மேல் ஊ, எ-க்கு மேல் ஏ. ஆக நான்கு குறில்களின் இடம் தெரிந்தால் நான்கு நெடில்களும் தெரிந்துவிடும். அதிகம் வராத ழ வலது ஓரத்தில் கீழே தள்ளப்பட்டிருக்கிறது, ஔ இடது மூலைக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வருவது. தமிழில் இன எழுத்துகள் ஜோடியாக வரும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம்: ந்த, ம்ப, ண்ட, ன்ற, ஞ்ச, ங்க. தமிழ்99இல் ந-வும் த-வும் பக்கத்துப் பக்கத்து விசை. ம-வும் ப-வும் அப்படித்தான், ண-வும் ட-வும், ன-வும் ற-வும், ஞ-வும் ச-வும். அது மட்டுமில்லை, இந்த ஐந்திலும் மெல்லினம் வெளிப்பக்கம் இருக்கிறது, வல்லினம் உள்பக்கம் இருக்கிறது. சொல்லில் மெல்லினம்தான் முதலில் வரும், அதனால் விரல்கள் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து உள்நோக்கி உருளும். மேசை மேல் விரல்களால் தாளம் போட்டுப் பாருங்கள். சுண்டுவிரலில் தொடங்கி ஆள்காட்டி விரலில் முடிப்பது எவ்வளவு இயல்பு, எதிர்த்திசையில் போவது எவ்வளவு தடுமாற்றம் என்று உடனே தெரியும். ஆல்ட்டோ பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜும் சேர்ந்து 1,68,000 பேரின் டைப்பிங்கைப் பதிவுசெய்து 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. வேகமாக டைப் செய்பவர்கள் ஒரு விசையிலிருந்து விரலை எடுப்பதற்கு முன்பே அடுத்த விசையை அழுத்திவிடுகிறார்கள் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. 'வந்த', 'பண்டம்', 'கன்று' என்று தமிழ்99இல் அடிக்கும்போது நடப்பது அதேதான், இரண்டு விசைகளும் ஒரே அசைவாகிவிடுகின்றன. ஞ்ச மட்டும் விதிவிலக்கு, இரண்டுமே சுண்டுவிரலுக்குத்தான் வந்து விழுகின்றன. 'கொஞ்சம்' நிறைய எழுதும் நாளில் அந்த விரல் களைத்துப்போகும்.

இந்த ஜோடிகளுக்கு நடுவே புள்ளி நீங்கள் வைக்க வேண்டியதில்லை. ந, த என்று அடித்தால் அதுவே ந்த ஆகிவிடும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்தில் புள்ளி தானாக விழும்: ம, ம, ஆ என்றால் ம்மா. அதாவது தமிழின் ஒலி இலக்கணம் விசைப்பலகைக்குள்ளேயே இருக்கிறது. மொழியில் எது எதற்குப் பக்கத்தில் வரும் என்பதைக் கருவி தெரிந்துவைத்திருப்பதால் மனிதருக்கு வேலை குறைகிறது. எதிர்மாறான இடங்களும் உண்டு. சசி, மமதை, பப்பாளி, தத்துவம் போன்ற சொற்களில் முதல் எழுத்துக்குப் பிறகு 'அ' ஒன்றை அழுத்தி 'இங்கே புள்ளி வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். இது புதியவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட சொற்கள் எவ்வளவு குறைவு, புள்ளி தானாக விழ வேண்டிய சொற்கள் எவ்வளவு அதிகம் என்று பார்த்தால் சரியான பக்கம்தான் சாய்ந்திருக்கிறார்கள்.

எண்ணிக்கையில் பார்ப்போம். 'வந்தான்' என்பதற்குத் தமிழ்99இல் ஆறு அழுத்தம். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் எட்டு. 'படித்தார்' எட்டுக்குப் பதினொன்று. 'தண்ணீர்' ஆறுக்கு எட்டு, கூடவே மூன்றுசுழி ண-வுக்கு ஷிஃப்ட். ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரான், ஆலன் நியூவெல் என்ற ஆய்வாளர்கள் மூன்று பேரும் 1980இல் ஒரு கணக்கு முறை வெளியிட்டார்கள். பழகிய ஒருவர் ஒரு வேலையைக் கம்ப்யூட்டரில் முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை விசை அழுத்தம், மவுஸுக்குக் கை போவது, மனம் யோசிப்பது என்று பிரித்துக் கூட்டுகிற முறை. நன்றாக டைப் தெரிந்தவருக்கு ஓர் அழுத்தம் சுமார் 0.2 நொடி, ஒருமுறை மனம் நின்று யோசிப்பதற்கு 1.35 நொடி என்று அவர்கள் வைத்தார்கள். தவறில்லாமல் வேலை செய்யும் ஆளுக்கான கணக்கு இது, எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் ஒப்பிடுவதற்கு நல்ல கணக்கு. இதன்படி இரண்டு மூன்று அழுத்தம் மிச்சம் என்றால் அரை நொடிதான் மிச்சம். இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். உண்மையான வித்தியாசம் அந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது.

இன்று பெரும்பாலானவர்கள் ஆங்கில எழுத்தில் அடித்து, மேலே வரும் பரிந்துரைப் பட்டையிலிருந்து தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முறையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஒரு நாள்கூடப் பயிற்சி இல்லாமல் லட்சக்கணக்கானவர்களைத் தமிழில் எழுதவைத்தது அதுதான், என் அத்தை பேத்திக்குத் தமிழில் மெசேஜ் அனுப்புவது அதனால்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் கண் பட்டைக்குப் போகிறது: ன-வா ண-வா, ல-வா ள-வா ழ-வா, சரியாக வந்திருக்கிறதா என்று. மேலே சொன்ன கணக்கில் ஒருமுறை அப்படி நின்று பார்ப்பது கிட்டத்தட்ட ஏழு அழுத்தங்களுக்குச் சமம். இதே ஆல்ட்டோ ஆய்வாளர்கள் 2019இல் 37,000 பேரிடம் போனில் டைப் செய்யச் சொல்லிப் பார்த்தபோது, தானாகத் திருத்தும் வசதியை வைத்திருந்தவர்கள் வேகமாகவும், சொல் பரிந்துரைகளைத் தேர்ந்தெடுத்து எழுதியவர்கள் மெதுவாகவும் இருந்தார்கள். யோசித்துப் படித்துத் தேர்ந்தெடுக்கும் நேரம், அழுத்தங்களில் மிச்சமான நேரத்தை விழுங்கிவிடுகிறது. அது ஆங்கில வாக்கியங்களை வைத்து நடந்த ஆய்வு. தமிழில் சிக்கல் இன்னும் அதிகம், ஏனென்றால் நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளும். 'வந்துகொண்டிருந்தவர்களுக்குக்கூட' என்ற ஒரே சொல்லை எந்தப் பட்டியலிலும் முழுதாக வைத்திருக்க முடியாது, எனவே நீளமான சொல் வரும்போதெல்லாம் பரிந்துரை எங்காவது ஒற்றெழுத்தை விழுங்கிவிட்டு வந்து நிற்கும். பிழை திருத்தும் வேலையில் நான் பார்க்கும் சந்திப் பிழைகளில் பல, எழுதியவருக்கு இலக்கணம் தெரியாததால் வந்தவையே இல்லை என்று நம்புகிறேன். கருவி கொடுத்ததை அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

தமிழ்99இல் திரையைப் பார்ப்பதே வாக்கியத்துக்காகத்தான். விரல் எழுத்தைப் பார்த்துக்கொள்ளும். மனத்தில் ஒலி எழும், அந்த ஒலியின் வரிசையிலேயே விசைகள் விழும். இதனால் எழுத்துநடைகூட மாறுகிறது என்பது என் அனுபவம். நீளமான வாக்கியத்தை நடுவில் கைவிடாமல் முடிக்க முடிகிறது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்கு இது வேறு மாதிரி அனுபவமாக இருக்கும். பழைய தட்டச்சு முறை கண்ணின் வரிசையில் போகும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால், மூன்று அழுத்தம். தமிழ்99இல் க, ஒ, இரண்டே. ஆனால் இருபது வருடம் கொம்பை முதலில் அடித்துப் பழகிய விரல்களுக்கு இந்த ஓர் அழுத்தம் மிச்சமாவதில் ஒரு லாபமும் தெரியாது, பழகிய வேகம் போய்விடும் என்ற பயம்தான் தெரியும். அந்தப் பயம் நியாயமானது. டிவோராக் அமைப்பு இத்தனை வருடத்துக்குப் பிறகும் பரவாமல் போனதற்கும் இதே காரணம்தான் பெரிய காரணம். அரசு அலுவலகங்களில் அப்படி வேகமாக அடிக்கும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களை மாறச் சொல்ல எந்த அவசியமும் இல்லை.

குறைகளுக்கு வருகிறேன்.

முதல் குறை, நிலை மாற்றம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற ஒரு குறுக்குவிசை அழுத்த வேண்டும், ஆனால் இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைத் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன எழுத்துதான் காட்டும். ஒரே விசைக்கு நிலையைப் பொறுத்து வேறு வேறு பொருள் இருந்தால் மனிதர்கள் தவறுவார்கள் என்பதை ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லர் 1970களிலேயே மக்களை உட்காரவைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க நிலைகளை எதிர்த்துப் பேசினார், காரின் நம்பர் பிளேட்டில்கூட 'நிலைகள் வேண்டாம்' என்று பொருள்படும் ஆங்கில எழுத்துகளை வைத்திருந்தார். தமிழில் எழுதும் எல்லோரும் நாள்தோறும் இந்தச் சிக்கலை அனுபவிக்கிறோம். பாஸ்வேர்டு பெட்டியில் அடித்தால் வெறும் புள்ளிகள்தான் தெரியும், தமிழா ஆங்கிலமா என்று அடித்ததைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை, மூன்று முறை தவறானால் கணக்கு பூட்டிக்கொள்ளும் தளங்களும் உண்டு. இது தமிழ்99இன் குற்றம் என்று சொல்ல முடியாது, எந்த இருமொழி அமைப்புக்கும் இது பொருந்தும், ஆனால் பயன்படுத்துபவருக்கு வலி ஒன்றுதான். மொழிக்கேற்பக் கர்சரின் நிறம் மாறினால் பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டாவது, நிறுத்தக்குறிகள். தமிழுக்கு விசைகள் போதாததால் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு இருந்த இடங்களில் எழுத்துகள் உட்கார்ந்துவிட்டன. குறிகள் ஷிஃப்டுக்குப் போய்விட்டன. எந்தக் குறி எங்கே என்பதும் மென்பொருளுக்கு மென்பொருள் கொஞ்சம் மாறுகிறது. கம்ப்யூட்டர் மாற்றும்போதெல்லாம் இது கையைத் தடுக்கும்.

மூன்றாவது, பேக்ஸ்பேஸ். தானாக விழுந்த புள்ளியை நீங்கள் அடிக்கவில்லை, ஆனால் அழிக்கும்போது அது தனி எழுத்தாக நிற்கும். 'க்க' என்பதில் பின் எழுத்தை அழித்தால் 'க' வர வேண்டும் என்றுதான் கை எதிர்பார்க்கும். பல மென்பொருள்களில் 'க்' வரும், இன்னொரு முறை அழிக்க வேண்டும். கருவி தானாகச் செய்ததைக் கருவியே திரும்பப் பெற வேண்டும் என்பது அடிப்படை மரியாதை, இதை யாராவது சரிசெய்தால் கும்பிடுவேன்.

இப்போது போன். 2013இல் வந்த ஐஓஎஸ் 7இல் தமிழ்99 ஐபோனுக்குள்ளேயே வந்துவிட்டது. மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த வேலை அது, அதற்கு முன்பே மேக்கிலும் அவர் விசைப்பலகைகள் இருந்தன. கைபேசித் தமிழ் இந்த அளவுக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அமைப்பு பத்து விரலுக்காகச் செய்யப்பட்டது. மேல் வரிசையில் 12 எழுத்துகள், ஆங்கிலத்தில் 10தான். 7 சென்டிமீட்டர் அகலத் திரையில் ஆங்கில விசை 7 மில்லிமீட்டர் என்றால் இது 6 மில்லிமீட்டருக்கும் குறைவு. இலக்கு சின்னதாகவும் தூரமாகவும் ஆக ஆகத் தொடுவதற்கு நேரம் கூடும் என்று பால் ஃபிட்ஸ் 1954இலேயே சூத்திரமாக எழுதிவிட்டார், கட்டைவிரல் பருமனானவர்கள் சூத்திரம் இல்லாமலே உணர்வார்கள். ட அடித்தால் ண வரும், ற அடித்தால் ன வரும்.

இரண்டு கட்டைவிரலால் அடித்தால் மட்டும் பழைய நன்மை கொஞ்சம் திரும்பி வருகிறது, இடது கட்டைவிரல் உயிருக்கு, வலது கட்டைவிரல் மெய்க்கு, மாறி மாறி. மேலே சொன்ன 2019 ஆய்வில் பெரும்பாலானவர்கள் இரண்டு கட்டைவிரல்களால்தான் அடித்தார்கள் என்பதால் இது நல்ல செய்தி. ஆனால் அது இணையத்தில் நடந்த டெஸ்ட். ஸ்டீவன் ஹூபர் என்ற ஆய்வாளர் 2013இல் தெருவிலும் நிலையங்களிலும் போன் பயன்படுத்துபவர்களைக் கவனித்து 1,333 பதிவுகள் குறித்தார், அவற்றில் திரையைத் தொட்டுக்கொண்டிருந்த 780 பேரில் 49 சதவீதம் ஒற்றைக் கைப் பயன்பாடுதான். மாநகரப் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு வேறு வழி ஏது? ஒற்றைக் கையில் தமிழ்99 மோசம். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் கட்டைவிரல் வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குப் போய்வர வேண்டும். நான் நிற்கும்போது குரலில் சொல்லிவிடுகிறேன், சின்னச் சின்னச் செய்திக்கு அது போதும். உட்கார்ந்தால்தான் தமிழ்99.

யாருக்குச் சிபாரிசு செய்வேன்? மாதத்துக்கு நாலு மெசேஜ் தமிழில் அனுப்புபவருக்குத் தேவையில்லை. மாணவர்கள், நிருபர்கள், கதை எழுதுபவர்கள், வசன வரி போடுபவர்கள், அலுவலகத்தில் தமிழில் கோப்பு எழுதுபவர்கள் என்றால் கட்டாயம். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், ஏற்கெனவே இருக்கும் வேகம் பாதியாகிவிடும், அந்த வாரத்தில் அவசர வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். நடு வரிசையை மட்டும் முதலில் பழகுங்கள், அதிலேயே அப்பம், பயம், கதி, மதி, தபம், இதயம் என்று நிறையச் சொற்கள் கிடைக்கும். பிறகு மேல் வரிசை, கடைசியில் கீழ். விசைகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஒட்டினால் கண் கீழேயே இருக்கும், விரல் கற்றுக்கொள்ளாது. அமைப்பின் படத்தை ஒரு தாளில் அச்சிட்டுத் திரையின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள், நாளாக நாளாக அதைப் பார்ப்பது தானாகக் குறையும்.

விண்டோஸ் 11இல் நேரம், மொழி அமைப்புகளுக்குள் போய் மொழியாகத் தமிழைச் சேர்த்து, அதன் விருப்பங்களில் விசைப்பலகையைச் சேர்க்கும் இடத்தில் 'தமிழ் 99' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேக்கில் உள்ளீட்டு மூலங்கள் பட்டியலில் தமிழுக்குக் கீழேயே இருக்கும். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளை வைத்திருப்பவர்கள் எம்17என் தொகுப்பைப் போட்டால் அதற்குள் வந்துவிடும். அலுவலகக் கம்ப்யூட்டரில் நிறுவ அனுமதி இல்லையே என்று தயங்குபவர்களுக்கு: விண்டோஸ் 11இலும் மேக்கிலும் இதற்கென்று வெளியிலிருந்து எந்த மென்பொருளும் வாங்கவோ இறக்கவோ வேண்டியதில்லை, அதனால் ஐடி துறையிடம் கேட்பதும் சுலபம்.